நிழலாளிடம் துக்கம் கேட்டவர்

மனித குலத்தின் மேலான கவனத்திற்கு: மரணம் ஒழிக்கப்பட்டுவிட்டது.

இதை அறிவித்தவர் மடாதிபதியோ பெரிய பரிசு வாங்கிய மருத்துவரோ அல்ல. 'நீலவிளிம்பு' என்னும் வீடியோ கேம் கம்பெனியின் தலைவர். அரையிருட்டு மேடை, கறுப்பு டி-ஷர்ட், நெஞ்சில் வைத்த கை, பின்னால் அழுகிற வயலின். "இன்று முதல் எங்கள் உலகத்தில் யாரும் இறப்பதில்லை" என்று அவர் தழுதழுத்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நிமிடத்துக்கு நாலாயிரம் பேர் ஒருவரையொருவர் சுட்டுச் சாகிற விளையாட்டு அது என்பதை அந்தப் புனிதமான நேரத்தில் யாரும் நினைவூட்டவில்லை.

விளையாட்டின் பெயர் 'கந்தகக் கரை'. போர் முடிந்து பாழாகிப்போன ஒரு துறைமுகமும் அதைச் சுற்றி நானூறு சதுர மைலும். எங்கே வேண்டுமானாலும் போகலாம். போன இடத்தில் யாராவது சுடுவார்கள். இந்தச் சுதந்திரத்துக்காக உலகம் முழுக்கப் பல கோடிப் பேர் கண் எரிய எரிய உட்கார்ந்திருந்தார்கள்.

அதில் கம்பெனி கொண்டுவந்த புதுமைதான் நிழலாள். விளையாடுகிறவர் சாப்பிடவோ வேலைக்கோ எழுந்து போனால், திரையில் இருக்கும் அவருடைய ஆள் மரம் மாதிரி நிற்பதில்லை. அவர் எப்படி நடப்பார், எங்கே பதுங்குவார், என்ன பேசுவார் என்பதையெல்லாம் கற்றுவைத்துக்கொண்டு அவருக்குப் பதிலாக உலவும். அவர் குரலிலேயே பேசவும் செய்யும். எழுந்து போனவர் ஒரேயடியாகப் போய்விட்டால்? முன்பெல்லாம் தொண்ணூறு நாளில் அழித்துவிடுவார்கள். இனிமேல் அழிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். மரணம் ஒழிந்த கதை இவ்வளவுதான்.

தென்காசியில் வசித்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் தாண்டவராயன், எம்.எஸ்ஸி., பி.எட்., இந்த அறிவிப்பைக் கவனிக்கவில்லை. மரணத்தின்மேல் அவருக்கு வேறு மனத்தாங்கல் இருந்தது. அவருடைய அண்ணன் சங்கரலிங்கம் ஐப்பசியில் இறந்துபோனார். அதை அவரிடம் யாரும் முறையாக வந்து சொல்லவில்லை.

செய்தி வராமல் இல்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் மாலை போட்ட படமாக வந்தது. ஆனால் தாண்டவராயனின் அகராதியில் வாட்ஸப் என்பது சொல்வது ஆகாது. சொந்தத் தம்பி. ஒரு ஆள் வந்து வாசலில் நின்று சொல்ல வேண்டாமா? வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து யாரும் வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் எழுந்துபோய் குளித்தார்.

அதற்கு முந்தைய ஒன்பது வருடமும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் மிகப் பெரிது. அண்ணன் மகள் பூரணவல்லியின் கல்யாணப் பத்திரிகையில், தங்கள் வருகையை எதிர்நோக்கும் உறவினர்கள் வரிசையில், அண்ணியின் தம்பி பெயருக்குப் பின்னால் 'பி.காம்.' என்று போட்டிருந்தது. தாண்டவராயன் பெயருக்குப் பின்னால் 'ஆசிரியர்' என்று மட்டும் இருந்தது. எம்.எஸ்ஸி.யும் இல்லை, பி.எட்.டும் இல்லை. அச்சகத்துக்காரன் இடம் இல்லையென்று விட்டுவிட்டான் என்றார் அண்ணன். பி.காம்.க்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார் தம்பி. "ஏல, ரெண்டு எழுத்துக்காகவா?" என்று அண்ணன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு முடிந்தது பேச்சு. கல்யாணத்துக்குப் போகவில்லை.

சித்திரை மாதம் ஒரு நாள் காலை அந்தப் பூரணவல்லியே வாசலில் வந்து நின்றாள். பல் கட்டும் லேபில் வேலை செய்கிறவள். விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பொடி படிந்து காய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்று சொன்னாள்:

"சித்தப்பா, அப்பா போயிட்டாவ."

தாண்டவராயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எம்மா, ஆறு மாசம் ஆச்சே."

"ஆமா. யாரும் வந்து சொல்லலன்னு நீங்க வருத்தப்பட்டதா கேள்விப்பட்டேன். அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி உலகம்மாள் ஓடிவந்து பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகிறபோது கணவரைப் பார்த்த பார்வையில் முப்பத்தோரு வருடத் தாம்பத்தியமும் இருந்தது.

காபி குடித்து முடித்த பிறகுதான் பூரணவல்லி வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பாவுக்கு ரிட்டயர் ஆனப்புறம் முட்டி தேஞ்சு போச்சுல்லா. மாடிப்படி ஏற முடியாது. லைன் இன்ஸ்பெக்டரா இருந்த மனுஷன், கரண்ட் கம்பத்தப் பாத்தாலே ஏக்கம். அவுஹதான் இந்த விளையாட்டக் காட்டிக் குடுத்தாவ." அவுஹ என்பது அவள் கணவன். "அதுல டவர்லாம் இருக்கு, ஏறலாம். நாலு வருஷமா அப்பா அதுலதான் கெடந்தாவ. ஒருத்தனையும் சுட மாட்டாவ. ஏறி உக்காந்து, இன்சுலேட்டர் இல்லாம கம்பி இழுத்திருக்கான் மடையன்னு திட்டிக்கிட்டே இருப்பாவ."

"இப்ப அதுக்கென்ன?"

"அப்பா இப்பவும் ஏறுதாவ, சித்தப்பா."

நிழலாளைப் பற்றி அவள் விளக்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கணவன் கறி வாங்கப் போன நேரத்தில், அவள் பார்வையாளராக உள்ளே போவாள். பார்வையாளருக்கு உடம்பு கிடையாது; தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அப்பா மெதுவாக நடந்து வருவார். டவரில் ஏறுவார். கம்பியைத் திட்டுவார். இறங்கிப் போவார். இருபது நிமிடம்.

"அம்மாட்டகூடச் சொல்லல. உங்ககிட்டதான் சொல்லுதேன். ஒருதரம் பாருங்க. ஆனா பாக்க மட்டும் செய்ங்க. கிட்ட போவாதிய. ஏன்னா அது கூட இருக்கவங்களப் பாத்து..."

"ஏன், கிட்ட போனா என்ன? தூர நின்னு பாத்துட்டு வர நான் என்ன மூணாம் மனுஷனா?"

"அதுக்கில்ல சித்தப்பா, அதோட வெவரத்துல என்ன போட்டிருக்கான்னா..."

"முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் நடத்தியிருக்கேன். எனக்கு ஒரு மிஷின் எப்படி வேலை செய்யும்னு நீ சொல்லித் தாரியாக்கும்?"

பூரணவல்லி வாயை மூடிக்கொண்டாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒட்டிய உறவு. அதை அன்றைக்கே உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

*

ஓசூரில் இருக்கும் மகன், அப்பா ஆன்லைனில் ட்யூஷன் எடுக்கட்டும் என்று வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் தாண்டவராயன் 'கந்தகக் கரை'யை இறக்கினார். மூன்று நாள் இறங்கியது. நாலாம் நாள், புதிய திருத்தம் வந்திருக்கிறது என்று சொல்லி இன்னும் ஒரு நாள் இறங்கியது.

பார்வையாளராகப் போக அவருக்கு மானம் இடம் தரவில்லை. துக்கம் கேட்கப் போகிறவன் உடம்போடு போக வேண்டும். ஆள் ஒன்றைப் படைத்தார். வழுக்கைத் தலையும் கண்ணாடியும் வைக்க முடியுமா என்று அரைமணி நேரம் தேடினார். வழுக்கை கிடைத்தது, கண்ணாடி கிடைக்கவில்லை. பெயர் என்று இருந்த கட்டத்தில் பட்டங்களோடு முழுப்பெயரையும் அடித்தார். இங்கே இடம் இருந்தது.

கடற்கரையில் கரையேறிய பதினோராவது வினாடி செத்தார்.

பிறகு சாவது பழக்கமாயிற்று. புதருக்குள்ளிருந்து சுட்டார்கள், கூரையிலிருந்து சுட்டார்கள், செத்துக் கிடந்தவரைச் சுற்றி டான்ஸ் ஆடினார்கள். ஒவ்வொரு முறையும் அதே கடற்கரையிலிருந்து தொடங்க வேண்டும். வழியில் ஒரு மீனவன் நின்றுகொண்டு, காணாமல்போன என் ஏழு ஆடுகளைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று தினமும் கெஞ்சினான். ஆறு ஆடுகள் கிடைத்தன. ஏழாவது பாறை இடுக்கில் பாதி உடம்பு புதைந்து, கால்கள் மட்டும் காற்றில் நடந்துகொண்டிருந்தது. அதை வெளியே எடுக்க உலகில் எவராலும் முடியாது என்று பிறகு தெரிந்துகொண்டார்.

மாலை நான்கு மணி ஆனால் உலகம்மாள் டீயைக் கொண்டுவந்து வைப்பாள். "இன்னைக்கு எத்தன தடவ செத்திய?"

"ஒன்பது."

"அண்ணன் சாவுக்குப் போவாதவருக்கு நல்லா வேணும்."

ஆனாலும் அவருக்குப் பிடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் உப்பளத்துக்கு நடுவே ஒற்றை ஆளாக நடந்துபோவதும், மேட்டில் ஏறியதும் முழுத் துறைமுகமும் துருப்பிடித்த கப்பல்களோடு விரிவதும், கேட்க ஆளில்லாமல் ஓடுவதும். ஐம்பத்தொன்பது வயதில் ஓடினார். மூச்சு வாங்கவில்லை. முட்டி தேய்ந்த அண்ணன் நாலு வருடம் இங்கே கிடந்ததன் காரணம் அந்த மேட்டில்தான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கொஞ்சம் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடவே வந்திருக்கலாமே.

பத்தொன்பதாம் நாள் டவர் அடிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தார். மேலே, கம்பிகளுக்கு நடுவே, காலைத் தொங்கவிட்டு ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. முகம் கம்பெனி முகம். முதுகு அண்ணனுடைய முதுகு.

ஏணியில் காலை வைத்தார். ஏறவில்லை. 'சுமை அதிகம்' என்று சிவப்பு எழுத்து ஒளிர்ந்தது. வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டு வைத்திருந்தார்: துப்பாக்கி ஏழு, பழைய டயர், கயிறு, கெட்டுப்போன ரேடியோ நான்கு. உபயோகப்படும் என்று எதையும் எறியாத குணம். ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். கடைசித் துப்பாக்கியையும் போட்ட பிறகுதான் ஏணி விட்டது.

பாதி ஏறும்போது மேலிருந்து குரல் வந்தது. ஒன்பது வருடமாகக் கேட்காத குரல்.

"ஏல, பைய வா. கம்பியத் தொடாத."

தாண்டவராயன் கீ-போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். டீ ஆறிப்போயிற்று.

*

அதன்பிறகு தினமும் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை அவர் டவரில் இருந்தார். அந்த நேரத்தில் யார் வந்தாலும் உலகம்மாள் "அவுஹ அண்ணன் வீட்டுக்குப் போயிருக்காவ" என்று சொல்லி அனுப்பினாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். போகப்போக அதில் கேலி இல்லை.

முதலில் மைக்கில் பேசக் கூச்சமாக இருந்தது. பிறகு ஒன்பது வருடத்தையும் பேசினார். தலைமையாசிரியர் பதவி கை நழுவிய கதை, மகன் காதல் கல்யாணம் செய்துகொண்ட கதை, தனக்குச் சர்க்கரை வந்த கதை. அண்ணன் அதிகம் பேசவில்லை. "ம்", "விடுல", "இன்சுலேட்டர் இல்லாம இழுத்திருக்கான் பாரு". உயிரோடு இருந்தபோதும் அவ்வளவுதான் பேசுவார்.

தாண்டவராயனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதையும் பேசினார். ஒரு நாள் அல்ல, தினமும்.

"நான் எழுத்துக்காகச் சண்ட போடல அண்ணாச்சி. நீ சிரிச்சதுதான். தப்பு என்மேலதான், ஒழுங்கா போட்டிருக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அன்னைக்கே வந்திருப்பேன். கல்யாணத்துல பந்தி பரிமாறியிருப்பேன். நீ போன அன்னைக்குக்கூட, வேட்டி மாத்திக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். தெரியுமா உனக்கு?"

"விடுல" என்றது டவர்.

நாள் ஆக ஆக அண்ணன் பேச்சு நீண்டது. தம்பியிடம் மனம் திறக்கிறார் என்று தாண்டவராயன் நினைத்தார். கீழே இறங்கி நடக்கும்போது இப்போதெல்லாம் அண்ணனும் வழியில் கிடப்பதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு நாள் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகச் சொன்னாரே, பத்தாவதோடு நிறுத்திய மனுஷனுக்கு எவ்வளவு ஞானம் என்று தம்பிக்கு ஆச்சரியம்.

நாற்பத்து மூன்றாம் நாள், கப்பல்களின்மேல் வெயில் சிவந்திருந்தபோது, கேட்காமலே அண்ணன் சொன்னார்:

"தப்பு என்மேலதான். பத்திரிகையில ஒழுங்கா போட்டிருக்கணும். நான் சிரிச்சிருக்கக் கூடாது."

தாண்டவராயன் சத்தம் போட்டு அழுதார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த உலகம்மாள் திரையையும் அவரையும் பார்த்துவிட்டு, அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். பெரிய மனுஷன் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாளே பூரணவல்லிக்குப் போன் செய்தார். குரலில் ஒரு கம்பீரம் வந்திருந்தது. "உங்கப்பா என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டாரும்மா. நானும் சரின்னுட்டேன். நமக்குள்ள இனி ஒண்ணுமில்ல."



"சித்தப்பா, அப்பா யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதே இல்ல. அம்மா காலுல வெந்நியக் கொட்டினப்பகூடக் கேக்கல. மருந்து போட்டுவிட்டாவ, அவ்வளவுதான்."

"செத்தப்புறம் மனுஷன் மாறக்கூடாதா?"

"நான் ரெண்டு மாசமா பாக்கல. லேப்ல ஞாயித்துக்கிழமையும் வேல. நாளைக்கு வாரேன்."

வந்தாள். நான்கு மணிக்கு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அப்பா டவரில் இல்லை. டவர் அடியில், பை நிறையச் சாமானோடு, காலை அகட்டி நின்றுகொண்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். தாண்டவராயன் வகுப்பறையில் நிற்கும் நிலை அது. அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"ஏன் ஏறல?" என்று கேட்டாள் பூரணவல்லி.

"சுமை கூடிப்போச்சு போல."

"பேரு கேளுங்க சித்தப்பா."

"என்னம்மா இது?"

"கேளுங்க."

அவர் மைக்கை அருகே இழுத்தார். "உங்க பேரு என்ன?"

அண்ணனின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, சொன்னது: "தாண்டவராயன், எம்.எஸ்ஸி., பி.எட்., ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்."

உலகம்மாள் கொண்டுவந்த டீ டம்ளர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பூரணவல்லிதான் பேசினாள். சத்தம் உயர்த்தவில்லை. பல்லை அச்சில் வார்க்கிறவளின் நிதானம். "அது கூட இருக்க ஆளப் பாத்துப் படிச்சுக்கிட்டே இருக்கும் சித்தப்பா. பேசப் பேசப் பழசு அழிஞ்சு புதுசு ஏறும். அசல் ஆளு உயிரோட இருந்தா அவரு வந்து வெளையாடி அத மறுபடி சரியாக்கிருவாரு. அப்பாதான் இல்லையே. நான் அதுக்குத்தான் கிட்ட போவாம தூரமா நின்னேன். அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."

தாண்டவராயன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினார். உடனே பதில் வந்தது. 'வணக்கம் தாண்டவராயன் அவர்களே! உங்கள் அன்புக்குரியவரின் நிழலாள் தொடர்ந்து மேம்பட்டு வருவதைத் தெரிவிப்பதில் மகிழ்கிறோம். அவர் தற்போதைய தோழருடன் 94 சதவீதம் ஒத்துப்போகிறார்.' பழைய ஆளைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். முந்தைய பதிப்புகளை வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள்.

"அந்த ஆறு சதவீதம்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

"அது குரல், சித்தப்பா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணன் மகளின் பக்கம் இரண்டு கையையும் நீட்டினார். என்ன செய்வதற்காக நீட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"திட்டிரும்மா."

"திட்டி என்ன செய்ய. நீங்களும் அப்பாவப் பாக்கத்தான போனிய." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "இனிமே ஞாயித்துக்கிழமை காலம்பற என்ன செய்யன்னுதான் தெரியல."

உலகம்மாள் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனாள். தாண்டவராயன் போகவில்லை. திரையில் அந்த ஆள் இன்னும் நின்றுகொண்டு, எதிரில் யாரும் இல்லாத உப்பளத்துக்கு, தப்பு என்மேலதான், ஒழுங்கா போட்டிருக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் ஒலியைக் குறைத்தார். பிறகு கூட்டினார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம், கம்பெனி அழிக்காது.

சங்கரலிங்கம் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.